முதல் வாய் தண்ணீர்

சண்முகக்கனி தன் தங்கை வடிவையும் வடிவு பெற்ற பெண்பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்து, வாசலில் ஆரத்தி சுற்றி, பின்னறையில் படுக்கவைத்து, ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தி, தங்கையின் காதில் பஞ்சை அடைத்து, இனி பத்தியம் முடிகிற வரைக்கும் தண்ணீர்ப் பேச்சே எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட மறுநாள் காலையில், நல்லான்குறிச்சி ஊரில் தண்ணீர் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

வற்றிப்போகவில்லை. அப்படி வற்றியிருந்தால் அந்த ஊருக்கு அது புதிதும் இல்லை, வானத்தைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் இருந்தது, குளத்தில் இருந்தது, கிணற்றில் இருந்தது, குடங்களில் கழுத்து வரைக்கும் தளும்பிக்கொண்டு இருந்தது, ஆனால் குடத்தைச் சாய்த்தால் சாய்ந்த குடத்துக்குள்ளேயே சாய்ந்து நின்றது, கவிழ்த்தால் கவிழ்ந்த குடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, தெருக்குழாயைத் திறந்தால் வாயில் ஒரு சொட்டு வந்து, உருண்டு திரண்டு, ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விழாமல் அங்கேயே நின்றது. குளத்தில் முங்கியவர்கள் எப்படிப் போனார்களோ அப்படியே உலர்ந்து எழுந்து வந்தார்கள். மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டு, காய்ந்த நாக்கோடு சொந்தக்காரன் முகத்தைப் பார்த்தன.

இதற்கெல்லாம் ஒரு ஊர் எவ்வளவு நேரம் வாய் பிளந்து நிற்க முடியும்? காலையில் வாய் பிளந்தார்கள், மத்தியானம் சோறு பொங்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீர் குடத்தைவிட்டு வராவிட்டால் போகிறது, அரிசியைக் குடத்துக்குள் போடுவோம் என்று ஒருத்தி தொடங்க, தெருவெல்லாம் குடத்தோடு அடுப்பில் ஏற்றிக் குழைந்த சோறாகத் தின்றார்கள். டீக்கடை ஆறுமுகநயினார் வேறு வழியில்லாமல் தண்ணீர் கலக்காத பாலில் டீ போட்டார், அவர் கடையில் அப்படியொரு டீயை ஊர் அதுவரைக்கும் கண்டதில்லை, "தண்ணி இப்படியே நிக்கட்டும் அண்ணாச்சி" என்று நாலு பேர் வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தார்கள். அம்மன் கோயில் பூசாரி குடத்தை அம்மன் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மன் விரதம் இருக்கிறாள் என்று அறிவித்தார். மேல்நிலைத் தொட்டியைப் பார்க்க ஒரு என்ஜினியர் வந்தார், ஏறினார், இறங்கினார், காற்று அடைப்பு என்றார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்த தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார், பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தாகம் எடுத்தவர்கள் சைக்கிளிலும் மினிபஸ்ஸிலும் பக்கத்து ஊரான மேலக்கரைக்குப் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தார்கள். அங்கிருந்து கேனில் பிடித்து வந்த தண்ணீரும் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் கேனோடு ஒட்டிக்கொண்டது. இளநீரும் நுங்கும் மோரும் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, மரம் ஏறத் தெரிந்தவனுக்கு மட்டும் மவுசு கூடிப்போனது.

கனிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவளுக்கு உலகமே பின்னறையில் கிடந்தது. வடிவு அவளுக்குத் தங்கை என்று பெயர்தானே தவிர, தூக்கி வளர்த்ததும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், பீடி சுற்றிய காசில் கம்மல் வாங்கிப் போட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்ததும், தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்ததும் எல்லாம் கனிதான். ஆகையால் பத்தியத்தில் ஒரு குறை வைக்கவில்லை. சுட்ட பூண்டு, காயமருந்து உருண்டை, மிளகுபோட்ட கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டு கைப்பிடிச் சோறு, விடிந்ததும் தண்ணீர் படாமல் பாலிலேயே போட்ட அரை தம்ளர் கருப்பட்டிக் காப்பி. தண்ணீர் மட்டும் கிடையாது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், உள்ரணம் ஆறாது, ஜன்னி வரும் என்பது ஊரில் எல்லாரும் சொல்வதுதான். மற்றவர்கள் சொல்வார்கள், கனி நம்பினாள். அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

வடிவு பிறந்த அன்று கனி சின்னப் பிள்ளை, பாவாடை சட்டை போட்டுக்கொண்டு திரிகிற வயது. வீட்டிலேதான் பிரசவம். பெரியவர்களெல்லாம் முற்றத்தில் நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தபோது அம்மா பகவதி அவளைக் கண்ணால் கூப்பிட்டு, "கனி, தண்ணி குடுட்டி" என்றாள். கனி பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் பகவதி இறந்துபோனாள். உதவிக்கு வந்திருந்த பேச்சித்தாய் காலிச் சொம்பைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டி, "பச்சைப் பிள்ளைக்காரிக்குத் தண்ணியைக் குடுத்துக் கொன்னுட்டியே பாவி" என்று கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் கனியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் காதிலும் யாராவது ஒருவர் அந்தச் சொம்புக் கதையை ஊதிவிடுவார்கள். கனி யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை, அவர்கள் சொன்னதைத்தான் அவளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நாக்கு அண்ணத்துல ஒட்டுது. ஒரே ஒரு முடக்கு" என்று வடிவு கெஞ்சுவாள்.

"கண்ணை மூடிட்டுப் படு. பழகிரும்."

"பாலே வரமாட்டேங்குக்கா. பிள்ளை சப்பிச் சப்பி அழுது."

"பூண்டு தின்னா வரும். எனக்குத் தெரியாததா?"

"நர்ஸம்மா நிறையக் குடிக்கச் சொன்னாவல்லா?"

"நர்ஸம்மாவா உன்னை வளத்தா?" என்று கனி கேட்டுவிட்டால் வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எஸ்தர் என்கிற அந்த நர்ஸம்மா ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து பார்த்தாள். பிள்ளையின் எடை பார்த்தாள், வடிவின் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், உதட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இப்படி வெடிச்சிருக்கு. தண்ணி குடிக்காளா?"

"நல்லாக் குடிக்கா" என்று கனி கூசாமல் சொன்னாள்.

"ஒன்னுக்கு ஒழுங்காப் போகுதா? எரிச்சல் இருக்கா?"

வடிவு அக்காவைப் பார்த்தாள். கனி வடிவைப் பார்த்தாள். "அதெல்லாம் ஒன்னுமில்ல சிஸ்டர்" என்றாள் வடிவு. எஸ்தருக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் இன்னொரு வீட்டில் மாசமாக இருந்த பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று போன் வந்ததால், நாளைக்கு மறுபடியும் வருவேன் என்று எச்சரித்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று மத்தியானம்தான் கனி அதைக் கண்டாள். பத்தியத்தில் உதட்டை நனைப்பது குற்றமில்லை என்பதால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று துணி முனையைச் சொம்புக்குள் விட்டாள். ஊரில் எந்தத் துணியையும் நனைக்காத தண்ணீர் அந்தத் துணியில் மட்டும் காத்திருந்ததுபோல ஏறியது. வடிவின் கீழுதட்டில் அதை ஒற்றினாள். அதே நொடியில், ஒருக்களித்த ஜன்னலுக்கு வெளியே, தெருக்குழாயின் வாயில் நாள்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த சொட்டு டொக்கென்று கீழே குடத்துக்குள் விழுந்தது. மேலுதட்டில் ஒற்றினாள். இன்னொரு சொட்டு விழுந்தது. துணியை எடுத்தாள். மூன்றாவது சொட்டு திரண்டு, நின்று, அவளையே பார்த்துக்கொண்டு தொங்கியது.

கனிக்கு விளங்கிவிட்டது. தண்ணீர் அவள் தங்கையைக் கேட்கிறது. வேறொருத்தியாக இருந்தால் என்ன நினைத்திருப்பாளோ, கனி நினைத்தது ஒன்றுதான்: அன்றைக்கு அம்மாவைக் கொண்டுபோன தண்ணீர் இன்றைக்கு வடிவுக்காக வந்து வாசலில் நிற்கிறது. ஊரையே காயப்போட்டுப் பணயம் வைத்துக் கேட்கிறது. "தரமாட்டேன்" என்று சொம்பைப் பார்த்துச் சொன்னாள். சொம்பைத் தூக்கி அடுக்களையில் மூடிவைத்து, அம்மிக்குழவியை அதன்மேல் ஏற்றினாள்.

மறுநாள் வடிவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் பால்கட்டுக் காய்ச்சல் என்று கனி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு குளிர் தூக்கிப் போட்டது, பிறகு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வடிவு முனக ஆரம்பித்தாள், பிள்ளை அழுதது, அழுகிற தெம்பும் குறைந்து சிணுங்கியது. தண்ணீர் கொடுக்காமலே ஜன்னி வந்துவிட்டதே என்று கனி பின்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். எதைச் செய்தால் தங்கை பிழைப்பாள் என்று தெரியவில்லை, எதைச் செய்தால் செத்துப்போவாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும் அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். எஸ்தருக்கு போன் போட்டாள். "உடனே வாரேன், அதுவரைக்கும் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி எஸ்தர் வைத்துவிட்டாள்.

கனி மறுபடியும் ஈரத்துணியைத்தான் எடுத்தாள். உதட்டில் ஒற்றினாள். வெளியே சொட்டு விழுந்தது. இந்தமுறை குழாயடியில் ஆள் இருந்தது.

தண்ணீர் வராவிட்டாலும் குழாயடியில் வரிசை போடுவதை அந்தத் தெருப் பெண்கள் விடவில்லை, குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்து பேச வேறு இடம் எங்கே இருக்கிறது? வரிசையில் முதல் குடம் பேச்சித்தாயுடையது. அவளுக்கு வயதாகிவிட்டது, காது மட்டும் பாம்புக்காது. ஜன்னலுக்குள்ளே "இன்னும் கொஞ்சங்கா" என்று வடிவு முனகியதும், துணி ஒற்றியதும், குடத்தில் டொக்கென்று விழுந்ததும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. எழுந்து நின்று, "ஏய், எல்லாரும் வாங்கட்டி! தண்ணி பிள்ளைபெத்தவளுக்காவல்லா நிக்கி!" என்று குரல் கொடுத்தாள்.

சிறிது நேரத்தில் கனியின் வாசல் நிறைந்துவிட்டது. குடத்தோடு பெண்கள், டீப்பாத்திரத்தோடு நயினார், விரதத்தை முடித்துவைக்கும் ஆசையில் பூசாரி, ஒட்டிய வயிற்றோடு இரண்டு மாடுகள்கூட. யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை, காரணம் தெரிந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. ஏதோ கரண்டுகாரன் வந்து பியூஸ் போனது இன்ன கம்பத்தில் என்று சொல்லிவிட்டதைப் போல, பியூஸைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நின்றார்கள்.

கனி கதவுநிலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"கனி, ஒரு வாய் குடுத்துரும்மா. நல்லா இருப்ப" என்றார் நயினார்.

"பத்தியம் அண்ணாச்சி."

"என்ன பெரிய பத்தியம்? ஊரே காயுதுல்லா?" என்றாள் ஒருத்தி. போன வருஷம் தன் மகளுக்குத் தண்ணீரைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தவள் அவள்.

"குடுத்தா ஒன்னும் செய்யாது தாயி" என்று பேச்சித்தாய் முன்னே வந்தாள். "தண்ணி குடிச்சா எவளும் சாவமாட்டா. குடு."

அந்தச் சொம்புக் கதையைத் தெருக்கோடி வரைக்கும் கத்திய அதே வாயிலிருந்துதான் இது வந்தது. சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று பேச்சித்தாய்க்கே உறைத்தது.

"அப்போ எங்கம்மை?" என்றாள் கனி.

பேச்சித்தாய் குடத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க பெரியம்மை. தண்ணி குடிச்சா சாவமாட்டான்னா, எங்கம்மை எப்படிச் செத்தா? இத்தனை வருஷமா நான் என்ன செஞ்சேன்னு சொன்னிய? இப்ப உங்க குடம் காலியா இருக்கவும் தண்ணி நல்லதாயிட்டோ? இன்னைக்கு நீங்க சொல்லாம ஒரு சொட்டு இந்த வீட்டுல இறங்காது. எனக்குத் தெரிஞ்சாகணும். உள்ள கிடக்கது எனக்கு மிச்சம் இருக்க ஒத்த உசுரு. குடுக்கவா வேண்டாமா, எங்கம்மை மேல சத்தியமாச் சொல்லுங்க."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஊர்த் தண்ணீருக்கு இருந்த சட்டம்தான் அதற்கும், இறங்கவில்லை.

பேச்சித்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "ரத்தம் நிக்கல தாயி" என்றாள். "பிள்ளை விழுந்ததுலருந்து ரத்தம் நிக்கவே இல்ல. பழந்துணி எல்லாம் முடிஞ்சு சாக்கைப் போட்டோம். வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும். யார் போவ, யார் வண்டி, தீட்டோட யாரு ஏத்துவான்னு முத்தத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தோம். பேசி முடிக்கதுக்குள்ள அவ முடிஞ்சிட்டா. நாங்க பெரிய மனுசிய அத்தனை பேரும் நின்னுக்கிட்டு இருந்து விட்டுட்டோம்னு எப்படிச் சொல்ல? சொம்பு ஒன்னு கிடந்துது. நீ சின்னப்பிள்ளை, திருப்பிப் பேசமாட்ட. உன்மேல போட்டுட்டோம்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "உன் தண்ணி அவளைக் கொல்லல. பகவதி மேல சத்தியம். குடு."

கனி அவளை அடித்திருந்தாலும் அங்கே யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதற்கு நேரமில்லை. திரும்பி ஓடினாள், குழவியைத் தள்ளினாள், சொம்பை எடுத்தாள், தங்கையின் தலையை மடியில் தூக்கி வைத்து, சாய்த்தாள். தண்ணீர் ஒரு முரண்டும் பண்ணாமல் இறங்கியது. வடிவு குடித்தாள், கண்ணைத் திறந்து குடித்தாள், சொம்பைத் தன் கையால் பிடித்துக்கொண்டு குடித்தாள், அவள் தொண்டைக்குழி ஏறி இறங்க இறங்கத் தெருக்குழாய் சீறிக்கொண்டு திறந்தது, கவிழ்த்து வைத்திருந்த குடங்கள் எல்லாம் ஒரே மூச்சில் வாசல்களை நனைத்தன, பூசாரி கவிழ்த்துத் தொங்கவிட்டு வந்த குடம் அம்மன் தலையில் அபிஷேகமாகக் கொட்டியது, டீக்கடைப் பாலில் தண்ணீர் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது, மாடுகள் மூக்குமுட்டக் குடித்தன, குளத்தில் குதித்த பிள்ளைகள் நனைந்து எழுந்து நனைந்துவிட்டோம் நனைந்துவிட்டோம் என்று கத்தினார்கள், அத்தனை நாளும் கண்ணில் நின்றதெல்லாம் சேர்த்துக் கனி தங்கையின் தலைமேல் அழுதாள்.

எஸ்தர் வந்தபோது வடிவு இரண்டாவது சொம்பில் இருந்தாள். நீர்க்கடுப்பு முற்றி வந்த காய்ச்சல், இனியும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை என்று எஸ்தர் சொல்லி வாய்மூடவில்லை, யார் போக, யார் வண்டி என்ற பேச்சே எழாமல் நயினாரின் மச்சான் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையும் குளுக்கோஸுமாகக் கவனித்தார்கள். காய்ச்சல் இறங்கியது, பால் சுரந்தது, பிள்ளை குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. "நீ பொய் சொல்லாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று எஸ்தர் கனியை ஒரு பிடி பிடித்தாள். கனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திட்டு வாங்குவதில்கூட ஒரு சுகம் இருந்தது அவளுக்கு, ஏனென்றால் திட்டுவதற்குத் தங்கை உயிரோடு இருந்தாள்.

அதற்குப் பிறகு நல்லான்குறிச்சியில் தண்ணீர் நின்றதில்லை. நிற்காது என்று யாரும் அடித்துச் சொல்லவும் இல்லை. ஊரில் ஒருத்தி பிள்ளை பெற்றாள் என்றால் முதல் சொம்பு அவளுக்குப் போகாமல் எவரும் தங்கள் குடத்தைச் சாய்ப்பதில்லை, சோதித்துப் பார்க்கிற துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை. தண்ணீர் இதோடு விடுமா, சோற்றிலும் கண் வைத்திருக்கிறதா என்ற சந்தேகமும் மெல்லப் பரவி, மாசமாக இருக்கிறவள் சாப்பிட்டாளா, சத்து மாத்திரை போட்டாளா, கால் வீங்கியிருக்கிறதா, பெற்றவள் தூங்கினாளா, சும்மா சும்மா அழுகிறாளா என்றெல்லாம் டீக்கடையில் மீசைக்காரர்கள் உட்கார்ந்து கவலையோடு விசாரிக்க ஆரம்பித்தார்கள். எஸ்தர் எத்தனையோ கூட்டம் போட்டுச் சொல்லி ஏறாதது இப்படி ஏறியது. அவள் அதற்காகச் சங்கடப்படவில்லை. "எப்படியோ குடிக்காளுவள்லா" என்று ஸ்கூட்டரை மிதித்தாள்.

அடுத்த கோடையில் பேச்சித்தாயின் பேத்தி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். பேச்சித்தாய் கம்பை ஊன்றிக்கொண்டு தானே நடந்து வந்து கனியின் வாசலில் நின்றாள். அந்தப் பகல் பேச்சுக்குப் பிறகு அவள் இந்த வாசலுக்கு வந்ததில்லை.

"வீட்டுக்கு வந்து முதல் வாய் உன் கையாலதான் குடிப்பேன்னு பேத்தி சொல்லுதா. எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தான் சொல்லுதாவ. வருவியா தாயி?"

வரமாட்டேன் என்று சொன்னாலும் தகும் என்பது பேச்சித்தாய்க்கும் தெரிந்திருந்தது. பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கனி கூடவே நடந்தாள்.

அந்தப் பெண் சின்னவள். சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, மூச்சு விடாமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று கண்ணை மூடி, கனியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். கனிக்கு அந்த அழுத்து தெரிந்தது. சொம்பை மட்டுமே நினைத்து நினைத்து, இத்தனை வருஷமும் அவள் நினைத்தே பார்க்காமல் விட்டது அது: அம்மாவும் குடித்து முடித்துவிட்டு இப்படித்தான் கண்ணை மூடி, இப்படித்தான் அப்பாடா என்று, இப்படித்தான் அவள் கையை அழுத்தினாள்.

"பெரியம்மை" என்றாள் கனி. "எங்கம்மை தாகத்தோட போகல."

"இல்ல தாயி" என்றாள் பேச்சித்தாய். "போகல. நீ குடுத்த."

"இன்னும் இருக்கா யக்கா?" என்று கேட்டாள் பிள்ளை பெற்றவள்.

"இருக்குட்டி. நிறைய இருக்கு" என்று கனி பானையிலிருந்து மொண்டாள்.